உளியை யார் பிடிப்பது? – டூல் போஸ்ட்டின் கதை

ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டு ஏதோ ஒன்றை இங்கே ஏற்றிவிட்டேன் என்று நினைத்து ஓடப் பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதில் ஒரு மன்னர் வருகிறார், ஒரு பூட்டு வருகிறது, போர்க்கப்பல் வருகிறது, குற்றாலம் சீசனில் விற்கும் சொப்புச் சாமானும் வருகிறது. கணக்கு கொஞ்சமே கொஞ்சம்தான் :)

வீட்டில் சின்னதாக ஒரு லேத் வாங்கிப் போட வேண்டும் என்ற ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. மேஜை மேல் வைக்கிற அளவுக்கு மினி லேத்துகள் கிடைப்பதால் ஆசை அதிகமாகவும் ஆகிவிட்டது. லேத்தைத் தேர்ந்தெடுத்த உடனே அடுத்த கேள்வி வந்து நிற்கும்: டூல் போஸ்ட் எது? நாலு டூல் பிடிக்கும் சதுர போஸ்ட் போதுமா, குவிக் சேஞ்ச் வாங்க வேண்டுமா, நாமே செய்துகொள்ளலாமா?

விலைப்பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் தேடுவதைவிட வரலாற்றைப் பார்த்துத் தேடுவது சுலபம் என்பது என் கட்சி. டூல் போஸ்ட்டின் ஒவ்வொரு வடிவமும், கடைசல்காரரின் கை செய்துகொண்டிருந்த ஏதோ ஒரு வேலையை இரும்பின் தலையில் கட்டியதால் பிறந்தது. நம் கையிலிருந்து எந்த வேலையை இறக்கி வைக்க வேண்டும் என்று தெரிந்தால், எந்த போஸ்ட் என்பதும் தெரிந்துவிடும்.

லேத் பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: லேத்தில் பொருள் சுழலும், உளி நிற்கும். அந்த உளியை இறுக்கிப் பிடித்து நிற்கும் இரும்புத் தூண்தான் டூல் போஸ்ட். அவ்வளவுதான்.

மோரும் மரமும்

தமிழில் மோர் கடைகிறோம், மரமும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். காரணம் யோசித்தால் புரியும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய மரக் கடைசலும் அதேதான். மரத்துண்டை இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் உளியை ஒரு கட்டையின் மேல் சாய்த்து, மரத்தில் பட வைப்பார். லேத்துக்குக் ‘கடைசல் இயந்திரம்’ என்று பாடப்புத்தகத்தில் பெயர் வைத்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெயர் ஏற்கனவே ஊரில் இருந்தது.

தென்காசியிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம் போனால் அம்பாசமுத்திரம். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அம்பை திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் அங்கே கடையப்படும் சொப்புச் சாமான்கள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக் கடைகளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அடுக்கி வைத்திருப்பார்கள்: சின்ன அடுப்பு, சின்னக் குடம், உரல், அம்மி, பம்பரம், நடைவண்டி. (நடைவண்டியை மறந்துவிடாதீர்கள், திரும்பி வரும்.)

அந்தச் சொப்பைக் கடைபவருக்கு டூல் போஸ்ட் கிடையாது. உளியை இறுக்கிப் பிடிப்பது, உயரம் பார்ப்பது, கோணம் பார்ப்பது, எவ்வளவு ஆழம் என்று தீர்மானிப்பது, பக்கவாட்டில் நகர்த்துவது, வேறு உளிக்கு மாறுவது என்று ஆறு வேலையையும் கையே செய்கிறது. பிறகு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதும் கைக்குத்தான் தெரியும்.

மரத்துக்கு இது போதும். இரும்புக்குப் போதாது. சுழலும் இரும்பு உளியைத் தள்ளும் வேகத்துக்கு மனிதக் கை நாள் முழுக்க ஈடு கொடுக்க முடியாது. ஈடு கொடுத்தாலும் ஒரு அடி நீளத்துக்கு ஒரே கனத்தில் கடைய முடியாது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

மன்னரின் லேத்

உளியை இயந்திரம் பிடிக்கட்டும் என்ற யோசனை முதலில் தொழிற்சாலையில் வளரவில்லை, அரண்மனையில் வளர்ந்தது. ரஷ்ய மன்னர் மகா பீட்டருக்குக் கடைசல் என்றால் பைத்தியம். அவரே உட்கார்ந்து கடைவார். அவருடைய பட்டறையில் இருந்த ஆந்திரேய் நார்தவ், 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், உளியை இயந்திரமே பிடித்து நகர்த்தும் லேத்துகளைச் செய்தார். செய்ததெல்லாம் தந்தத்திலும் மரத்திலும் அலங்கார வேலை. அவர் செய்த லேத் ஒன்று பாரிஸில் இருக்கும் கலை-தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக்காரர் ழாக் வோகான்சோன் செய்த லேத்தும் இருக்கிறது. இயந்திர வாத்து செய்து ஐரோப்பாவை வாய்பிளக்க வைத்தாரே, அவரேதான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் செய்த இந்த லேத், இரும்புச் சட்டமும் திருகால் நகரும் உளி வண்டியும் கொண்டது. பட்டுத்துணியை அழுத்தும் உலோக உருளைகளைக் கடைவதற்காகச் செய்தது.

ஆகவே ‘ஸ்லைடு ரெஸ்ட்டைக் கண்டுபிடித்தவர் ஹென்றி மாட்ஸ்லே’ என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கலாம், வரலாறு ஒத்துக்கொள்ளாது. மாட்ஸ்லே செய்தது வேறு. அது இன்னும் பெரியது.

மாட்ஸ்லேயின் நடைவண்டி

மாட்ஸ்லே 1771-ல் லண்டன் பக்கத்தில் வுல்விச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த ஆயுதக் கிடங்கில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலை. 18 வயதில் ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளரிடம் சேர்ந்தார். பிராமாவின் பூட்டு மிகப் பிரபலம். கடை ஜன்னலில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டார்கள். 1851-ல்தான் ஒரு அமெரிக்கர் அதைத் திறந்தார்.

அப்படிப்பட்ட பூட்டுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். கையில் உளி பிடித்துச் செய்தால் நல்ல வேலைக்காரரும் மெதுவாகத்தான் செய்ய முடியும். வியாபாரத்துக்கு அது போதாது. பிராமாவின் பட்டறையிலேயே உளியை இரும்பில் இறுக்கி, திருகால் நகர்த்தும் ஸ்லைடு ரெஸ்ட் வேலைக்கு வந்தது.

பழைய ஆட்கள் சிரித்தார்கள். அதற்கு ‘கோ-கார்ட்’ என்று பட்டப்பெயர் வைத்ததாக அந்தக் காலத்து வரலாறுகள் சொல்கின்றன. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பந்தயக் கார்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அதன் பொருள், குழந்தை பிடித்துக்கொண்டு நடை பழகும் வண்டி. அதாவது நம்ம நடைவண்டி! சொந்தக் கையில் உளி பிடிக்கத் தெரியாதவனுக்கு நடைவண்டி என்று கிண்டல்.

1797-ல் சம்பள உயர்வு கேட்டார் மாட்ஸ்லே. வாரம் 30 ஷில்லிங்குக்கு மேல் தர முடியாது என்றார் பிராமா. மாட்ஸ்லே வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த மரை வெட்டும் லேத் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரும்புச் சட்டம், துல்லியமான லீட் ஸ்க்ரூ, பல் சக்கரங்கள், உளி பிடிக்கும் ஸ்லைடு ரெஸ்ட் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அலங்கார வேலைக்கு இல்லாமல் அன்றாட இரும்பு வேலைக்குக் கொண்டு வந்ததே அவருடைய சாதனை. அவரிடம் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைகளுக்குப் பொது அளவு முன்வைத்தார். பழைய லேத் பட்டறைகளில் ‘விட்வொர்த் மரை’ என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அந்த விட்வொர்த் இவர்தான்.

பத்துப் பேரும் நூற்றுப்பத்துப் பேரும்

சிரித்தவர்களின் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் பாய்களை இழுக்க வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் மரக் கப்பிகள் தேவைப்பட்டன. மார்க் புரூனெல் வடிவமைத்த இயந்திரங்களை மாட்ஸ்லே 1802 முதல் செய்துகொடுத்தார். மொத்தம் 45 இயந்திரங்கள். 1808-ல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் தயாராயின. 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைப் பயிற்சி அதிகம் இல்லாத 10 பேர் செய்தார்கள்.

இந்த எண்ணை எல்லாப் புத்தகத்திலும் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். மிச்சம் 100 பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உளியை இரும்பு பிடித்தால் பொருள் துல்லியமாக வரும், மலிவாக வரும். கூடவே, உளி பிடிக்கத் தெரிந்த கையின் விலையும் இறங்கும். இரண்டும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். வரலாறு படிக்கிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

ஒற்றைத் திருகிலிருந்து நாலு பக்கத்துக்கு

இனி போஸ்ட்டுக்கு வருவோம். பாலிடெக்னிக் நண்பர்களுக்கு இந்த வரிசை பாடத்திலேயே இருக்கும்: சிங்கிள் ஸ்க்ரூ, ஓப்பன் சைடு, ஃபோர் போல்ட், ஃபோர் வே. மனப்பாடம் செய்யும் வரிசை என்று விட்டுவிடாமல் காரணத்தோடு பாருங்கள்.

சிங்கிள் ஸ்க்ரூ போஸ்ட் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க லேத்துகளில் பரவலாக இருந்தது. நடுவில் துளை உள்ள ஒரு தூண், மேலே ஒரே திருகு, அடியில் படகு மாதிரி வளைந்த ஒரு துண்டு. அந்தப் படகை ஆட்டினால் உளி முனை ஏறும், இறங்கும். உயரம் பார்க்கும் வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் உயரம் மாறும்போது உளியின் கோணமும் மாறிவிடும். ஒரே திருகு என்பதால் பிடிமானமும் குறைவு.

அப்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏனென்றால் உளி கார்பன் ஸ்டீலில் இருந்தது. வேகமாகக் கடைந்தால் முனை சூடேறி மழுங்கிவிடும், எனவே மெதுவாகத்தான் கடைவார்கள். 1868-ல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்த உளி எஃகைக் கொண்டு வந்தார். 1898-லிருந்து அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் வைட்டும் செய்த சோதனைகளில் ஹை ஸ்பீடு ஸ்டீல் பிறந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில், முனை சிவக்கச் சிவக்க அந்த உளி இரும்பைச் சீவித் தள்ளியதைப் பார்த்து ஆலைக்காரர்கள் அசந்து போனார்கள். 1927-ல் ஜெர்மனியின் குருப் நிறுவனம் ‘வைரம் போல’ என்ற பொருளில் ‘விடியா’ என்று பெயரிட்டுக் கார்பைடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகம் இன்னும் ஏறியது.

உளி பலசாலி ஆனதும் அதைப் பிடித்திருந்த போஸ்ட் நோஞ்சான் ஆகிவிட்டது. கார்பைடுக்கு அதிர்வு ஆகாது, முனை உடைந்துவிடும். ஆகவே அகலமான அடித்தளமும் ஒவ்வொரு உளிக்கும் இரண்டு மூன்று திருகும் கொண்ட சதுர போஸ்ட் தேவைப்பட்டது. அதில் நாலு பக்கமும் நாலு உளி. கைப்பிடியைத் தளர்த்தி 90 டிகிரி திருப்பினால் அடுத்த உளி தயார். இறுக்கமும் கிடைத்தது, உளி மாற்றும் வேலையும் பாதி குறைந்தது. குறை ஒன்றுதான்: உயரத்துக்கு அடியில் தகடு வைக்க வேண்டும். நம் பட்டறைகளில் ‘பேக்கிங்’ என்பார்களே, அது.

அந்தப் பேக்கிங்கையும் ஒழித்தது குவிக் சேஞ்ச். ஒவ்வொரு உளிக்கும் தனி ஹோல்டர், அதில் உயரம் வைக்க ஒரு நட்டு. ஒருமுறை வைத்தால் எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே உயரம். அமெரிக்காவில் அலோரிஸ், இங்கிலாந்தில் டிக்சன், ஐரோப்பாவில் மல்டிஃபிக்ஸ் என்று பல வகை பிரபலமாயின. மல்டிஃபிக்ஸில் 9 டிகிரிக்கு ஒன்றாக 40 நிலைகளில் ஹோல்டரை மாட்டலாம்.

டெய்லரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. உலோகம் வெட்டுவது பற்றி 26 ஆண்டு சோதனை செய்து 1906-ல் அறிக்கை வெளியிட்டவர் அவர். எந்த வேகம், எவ்வளவு ஆழம் என்பதைத் தொழிலாளி தீர்மானிக்க வேண்டாம், அலுவலகம் கணக்குப் போட்டுச் சொல்லும் என்றார். மாட்ஸ்லே உளியைக் கையிலிருந்து வாங்கினார். டெய்லர் முடிவெடுப்பதையும் வாங்கிக்கொண்டார்.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் லேத் என்றால் கோயம்புத்தூர். 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் லேத்துகளையும் செய்தது, அதை ஓட்டும் ஆட்களையும் உருவாக்கியது. 1941-ல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர், 1953-ல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. இந்த லேத்துகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது நாலு பக்கச் சதுர போஸ்ட்தான். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்த அண்ணன்கள் கை பழகியதும் அதில்தான்.

தென்காசி, செங்கோட்டை பக்கம் ரைஸ் மில், மர அறுவை மில், பம்புசெட் இவற்றை நம்பித்தான் லேத் பட்டறைகள். ஷாஃப்ட் தேய்ந்தால், புஷ் ஆடினால் அங்கேதான் போக வேண்டும். ஒரே மாதிரி ஆயிரம் துண்டு செய்யும் வேலை அங்கே இல்லை. ஒவ்வொரு ஜாபும் ஒவ்வொரு மாதிரி. அதனால் அங்கே இருக்கும் டர்னரின் கையும் கண்ணும் இன்னும் விலை இறங்கவில்லை.

சரி, நம் வீட்டு லேத்துக்கு?

வரலாறு சொல்லிக்கொடுப்பதை நாலு பாயிண்டாகத் தருகிறேன்.

1. முதலில் இறுக்கம். உளி போஸ்ட்டிலிருந்து வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால் அதன் வளைவு எட்டு மடங்காகும். எந்த போஸ்ட் வாங்கினாலும் உளியைக் குறைவாக நீட்டுங்கள். சின்ன லேத்தில் அதிர்வுச் சத்தம் வருவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. சிங்கிள் ஸ்க்ரூ போஸ்ட்டை இந்தக் காரணத்துக்காகவே தவிர்த்துவிடலாம்.

2. அடுத்து உயரம். உளி முனை சென்டருக்கு அரை மி.மீ. கீழே இருந்தால், ஃபேசிங் முடித்த பிறகு நடுவில் 1 மி.மீ. முளை நிற்கும். சரிபார்க்க ஒரு பழைய வழி: ஆறு இஞ்ச் ஸ்கேலை உருண்டைக் கம்பிக்கும் உளி முனைக்கும் நடுவில் மெதுவாகக் கவ்வ விடுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. மேல் முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

3. கடைசியாகத்தான் வேகம். ஒரே ஜாபில் அடிக்கடி உளி மாற்றுபவருக்குக் குவிக் சேஞ்ச் நல்லது. ஆனால் ஒவ்வொரு உளிக்கும் ஒரு ஹோல்டர் வாங்க வேண்டும், அந்தக் காசையும் கணக்கில் சேருங்கள். மாதம் இரண்டு ஜாப் செய்பவருக்கு சதுர போஸ்ட்டும் ஒரு டப்பா பேக்கிங் தகடும் தாராளம். ஒவ்வொரு உளிக்கும் சரியான தகடுகளைச் சேர்த்துக் கட்டிப் பெயர் எழுதி வைத்தால், அதுவே ஏழைகளின் குவிக் சேஞ்ச்.

4. செய்துதான் பார்ப்பேன் என்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஒரே உளி பிடிக்கும் கட்டை. காம்பவுண்ட் ஸ்லைடின் மேல்தளத்திலிருந்து சென்டர் வரை உயரத்தை அளந்து, உளியின் கனத்தைக் கழியுங்கள். உதாரணமாக 20 மி.மீ.யில் 12 போனால் 8. உளி உட்காரும் தளத்தை 7.5 மி.மீ. உயரத்தில் வைத்துக்கொண்டு மீதி அரை மி.மீ.க்குத் தகடு வையுங்கள். தளம் உயர்ந்துவிட்டால் தகடு உதவாது, தாழ்ந்தால் தகடு இருக்கிறது. இன்னொன்று வட்டத் தூண் வகை, நார்மன் போஸ்ட் என்பார்கள். ஒரு உருண்டைத் தூண், அதில் ஏறி இறங்கும் துளையிட்ட கட்டை, ஒரு பக்கம் ஹாக்சாவால் பிளந்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு திருகு. தூணைக் கடைவதும் கட்டையில் துளை விரிப்பதும் உங்கள் லேத்திலேயே முடிந்துவிடும். உளி உட்காரும் பள்ளத்தை மட்டும் பக்கத்துப் பட்டறையில் ஷேப்பர் இருந்தால் கொடுத்து வெட்டி வாங்கலாம்.

இந்த நாலில் எதையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. முதலில் இருக்கிற போஸ்ட்டில் ஆறு மாதம் வேலை செய்தால், கை எங்கே அலுத்துக்கொள்கிறது என்று தெரியும். உயரம் பார்ப்பதிலா, மாற்றுவதிலா, அதிர்விலா? அந்த அலுப்புதான் இருநூறு வருடமாக ஒவ்வொரு போஸ்ட்டையும் கண்டுபிடித்திருக்கிறது.

அம்பாசமுத்திரத்துக் கடைசலுக்கும் மாற்றம் வராமல் இல்லை. கயிற்றுக்குப் பதில் மின்மோட்டார் வந்தது. கயிறு இழுத்தவரின் வேலை போயிற்று. ஆனால் உளி கையைவிட்டுப் போகவில்லை, அதனால் உளி பிடித்தவரின் தொழிலும் அவரோடு நின்றது. அதைப் பின்னால் அசைத்தது லேத் இல்லை, பிளாஸ்டிக் பொம்மை.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அருவிக்கரைக் கடையில் ஒரு சொப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடுக்கில் பக்கத்தில் இருக்கும் சொப்போடு வைத்துப் பார்த்தால் துளி வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் வரக்கூடாது என்பதற்காகத்தான் மாட்ஸ்லே உளியை இரும்பில் கட்டினார். பூட்டுக்கும் கப்பிக்கும் ரைஸ் மில் ஷாஃப்டுக்கும் அவர் செய்தது சரி. குழந்தை விளையாடும் குடத்துக்கு அது தேவையா என்பதை, விலை பேசும்போது ஒரு முறை யோசியுங்கள்.